தாழியும் நடுகல்லும்



சாத்தூருக்கும் சிவகாசிக்கும் அணித்தே, வைப்பாற்றின் வடகரையில், வெம்பக்கோட்டையை ஒட்டி ஒரு மேடு உண்டு. ஊரார் அதனை மேட்டுக்காடு என்பர். 2022-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையினர் அங்கே அகழத் தொடங்கினர்; 2023, 2024-ஆம் ஆண்டுகளிலும் அப்பணி தொடர்ந்தது. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், நூல் நூற்கும் தக்களிகள், சிறுவர் ஆடிய வட்டச் சில்லுகள், அவற்றிற்கும் மிக முற்பட்ட நுண்கற்கருவிகள் என்று அந்த மண் எத்தனையோ பொருள்களை வெளிக்கொணர்ந்தது. கரிசற்காட்டில் வரலாறு ஏது என்று எண்ணியிருந்தவர்களுக்கு அது தக்க விடையாயிற்று.

அம்மேட்டில் நின்று சுற்றிலும் நோக்கினால் வேறொரு காட்சி தென்படும். வேம்பும் உடையும் வளர்ந்த பொட்டலில், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டப்பட்ட சிறு சிறு அறைகள். அவை பட்டாசு ஆலைகள். ஓர் அறையில் தீப்பற்றினால் அடுத்த அறைக்குத் தாவலாகாது என்பதற்காகவே அந்த இடைவெளி. கட்டடத்தின் அமைப்பிலேயே சாவைப் பற்றிய எச்சரிக்கை உறைந்திருக்கும் தொழில் அது. நான் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இப்பகுதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவன். என் வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளைகளுள் தாயையோ தந்தையையோ அவ்வறைகளில் இழந்தவர் பலர். ஆதலின் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் எனக்குப் புத்தகப் பொருள் மட்டுமன்று. இறந்தவர்க்காக மனிதர் எவ்வாறு துயருற்றனர், அத்துயரை எவ்வாறு ஆற்றினர், அதனைப் பற்றி அறிவியல் எப்பொழுது கண் திறந்தது என்பதே அப்பொருள்.

மன்னர்க்கு வரலாறு உண்டு, போர்க்கு உண்டு, வரிக்கும் உண்டு. அழுகைக்கு வரலாறு உண்டோ என்று நீங்கள் வினவலாம். உண்டு. தமிழில் அது மிகப் பழையது.

முதலில் தாழியைப் பார்ப்போம். தாமிரபரணியின் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876-ஆம் ஆண்டில் பெர்லினிலிருந்து வந்த யாகோர் என்னும் அறிஞர் முதன்முதலாக அகழ்ந்தார். பின்னர் 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாந்தர் ரீ விரிவாக ஆய்ந்தார். 2004-இல் இந்தியத் தொல்லியல் துறையினர் மீண்டும் அகழ்ந்தபோது 160-க்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. கீழடி மக்களின் இடுகாடாகக் கருதப்படும் கொந்தகையிலும் அவ்வாறே தாழிகள் கிடைத்தன. தாழிக்குள்ளும் அதனைச் சூழவும் கிண்ணங்கள், இரும்புக் கருவிகள், ஆதிச்சநல்லூரிற் பொன்னாலான நெற்றிப்பட்டங்கள் இருந்தன. சில கலங்களில் நெல்லின் உமியும் இருந்தது.

அந்த உமியை எண்ணிப் பாருங்கள். இறந்தவர்க்குச் சோறு வைத்திருக்கின்றனர். இறந்தவர் உண்ணமாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். நேற்றுவரை அந்தக் கை பரிமாறிய கை. இன்று திடீரென்று அதற்கு வேலை இல்லாமற் போவதை அந்தக் கை ஒப்பவில்லை. அவ்வளவுதான். இதை நான் என் கருத்தாகவே சொல்கிறேன். தொல்லியலார் இவ்வளவு தூரம் சொல்லத் துணியமாட்டார்கள்.

புறநானூற்றில் தாழியைப் பற்றிய இரு பாடல்கள் உள்ளன. இரண்டும் குயவனை விளித்துப் பாடப்பட்டவை. ஒன்று, குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடியது. இத்துணைப் பெரிய மன்னனுக்கு எத்துணைப் பெரிய தாழியை நீ வனைவாய் என்று அவர் குயவனிடம் வினவுகிறார். மற்றதைப் பாடியவர் பெயர் தெரியவில்லை. கணவனோடு நெடுவழி வந்து அவனை வழியிலேயே இழந்த ஒருத்தி, தனக்கும் இடம் இருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி குயவனை வேண்டுகிறாள். பேரரசனைப் பற்றிய பாட்டைக் காட்டிலும் பெயரற்றவளின் பாட்டே என் நெஞ்சில் ஆழமாக நின்றது. மாணவர்களும் அவ்வாறே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அடுத்தது நடுகல். போரில் மடிந்தவனுக்குக் கல் நடுவதனைத் தொல்காப்பியம் ஆறு படிகளாகப் பகுத்துரைக்கின்றது. தக்க கல்லைக் காணல், அதனைக் கொணரத் தொடங்கல், நீராட்டல், நடல், பெரும்படையல் இடல், வாழ்த்தல் என்பன அவை. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்ட நடுகற்கள் தமிழ்பிராமி எழுத்துப் பொறித்தவை. அவற்றுள் ஒன்று ஆநிரை கவர்தலில் இறந்த வீரன் ஒருவனைக் குறிக்கின்றது. இலக்கியம் சொன்னது கற்பனை அன்று என்பதற்கு அக்கல் சான்று. ஆறு படிகள் எதற்கு? ஒரே நாளிற் கல்லை நட்டுவிடலாமே. துயருற்ற ஊரார்க்கு அது பல நாள் வேலையைத் தருகின்றது. மலைக்குச் செல்லவேண்டும், கல்லைத் தேர்ந்தெடுக்கவேண்டும், சுமந்து வரவேண்டும். ஒருவன் தனியே செய்ய இயலாத வேலை அது.

இனிச் சொல்லைப் பார்ப்போம். இறந்தோரை எண்ணி இரங்கிப் பாடும் துறைக்குத் தொல்காப்பியம் இட்ட பெயர் கையறுநிலை. கை என்பதற்கு ஈண்டுச் செயல் அல்லது ஒழுகலாறு என்பது பொருள். செயல் அற்றுப்போன நிலை. என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் நிலை. துன்பம், துக்கம், சோகம் என்ற சொற்களெல்லாம் உள்ளத்தின் நோவைக் குறிக்கின்றன. கையறுநிலை என்பதோ அந்நோவு அன்றாட வாழ்வில் என்ன செய்துவிடுகிறது என்பதைக் குறிக்கின்றது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்டன் நகரத்திற்குச் செல்லும்போது இது நமக்கு வேண்டும்.

அதே நூலின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணங்களைக் கூறுகின்றது. இளிவு, அதாவது பிறரால் இழித்து நடத்தப்படல், இழவு, அன்புடையாரையோ பொருளையோ இழத்தல், அசைவு, முன்னைய நன்னிலையிலிருந்து தாழ்தல், வறுமை. வகுப்பில் இந்நான்கையும் மனப்பாடம் செய்வித்திருக்கிறேன். ஆனால் இவை நான்கும் ஒரே வீட்டில் ஒரே கிழமையில் வந்து குடிபுகக் கூடும் என்பதை எனக்குக் கற்பித்தது வெம்பக்கோட்டைப் பகுதிதான். மனைவியை இழந்தவன் தன் கூலியை மட்டும் நம்பி நிற்கிறான். கடன் கொடுத்தவன் வாயிலில் வந்து நிற்கிறான். இழப்பீட்டுக்குச் சான்றிதழ் கேட்டு அலுவலகத்துப் படிக்கட்டில் அமர்ந்திருக்கிறான். நேற்றுவரை பேர் சொல்லி அழைத்தவர்கள் இன்று எதிரில் வரக் கூசி ஒதுங்குகின்றனர். துயரத்தை வெறும் உள்ளத்து நோயாக மட்டும் கருதி, மருந்துச் சீட்டால் தீர்த்துவிட முயல்வோர் இந்நான்கையும் ஒருமுறை ஓதிப் பார்க்கவேண்டும்.

புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் காணலாம். அவை இறந்தவனின் பெருமையைப் பொதுவாகப் பேசுவதில்லை. சிறு சிறு நிகழ்ச்சிகளை நினைவு கூர்கின்றன. அதியமானை இழந்த ஒளவையார், கள் சிறிது கிடைத்தால் அவன் எங்களுக்கே தந்துவிடுவான் என்பது போன்ற நினைவுகளை அடுக்குகிறார். ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் முல்லைக் கொடியிடமே சினம் கொள்கிறார். அவன் இல்லாத ஊரில் நீயும் பூப்பதா என்று அதனைக் கடிகிறார். பாரியின் மகளிர் இருவரும், சென்ற திங்களின் நிலவில் தந்தையும் இருந்தான், மலையும் எமதாயிருந்தது. இத்திங்களின் நிலவில் இரண்டும் இல்லை என்று ஐந்தே அடிகளில் சொல்லி முடிக்கின்றனர்.

ஆனால் ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். அவ்விலக்கியம் இறந்தவரோடு தாமும் இறத்தலைப் போற்றவும் செய்தது. மக்கள் பகையானமை பொறாது வடக்கிருந்து உயிர்விட்ட கோப்பெருஞ்சோழனையும், அவனோடு சென்று அமர்ந்த பிசிராந்தையாரையும் நட்பின் எல்லை என்று பாடநூல்கள் புகழ்ந்தன. பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு, கைம்மை நோன்பின் கொடுமையை எடுத்துச் சொல்லித் தீப்புகுந்தாள். கல்லின்மேற் படுத்து, கீரை உண்டு கழியும் வாழ்வைவிடத் தீயே தண்ணியது என்று ஒரு பெண் கூறுமளவுக்குச் சமூகம் அவளை நெருக்கியிருந்தது என்பதையே நான் அப்பாட்டில் படிக்கிறேன். இதனை வீரமென்று என் மாணவர்க்கு நான் கற்பித்ததில்லை. கபிலரைப் பாருங்கள். பாரி இறந்தபின் அவருடைய மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் மணம் பேசி நடந்த கபிலர்தாம் எனக்கு உகந்த கபிலர். பின்னர் அவரும் வடக்கிருந்தார் என்பது உண்மையே. ஆயினும் அந்த நடை, துயரைத் தோளில் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்ற அந்த நடை, பாடநூல்களில் இன்னும் சற்று இடம்பெறலாம்.

உடன்கட்டை ஏறுதல் 1829-இல் வங்காளத்திலும் 1830-இல் சென்னை மாகாணத்திலும் சட்டத்தால் விலக்கப்பட்டது. கைம்மையின் கொடுமை அவ்வளவு எளிதில் நீங்கவில்லை. இளமையிலேயே கைம்பெண்ணான சகோதரி சுப்புலட்சுமி 1911-இல் பட்டம் பெற்று, 1912-இல் சென்னையில் இளங் கைம்பெண்களுக்கு இல்லம் தொடங்கிக் கல்வி அளித்தார். அவரிடம் படித்தவர் பலர் ஆசிரியைகளாயினர். ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் அவ்வம்மையாரின் பெயரை இங்கே சொல்லாமற் செல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் கரிசற் சீமையின் வழக்கங்கள் உங்களுக்குத் தெரிந்தவையே. சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. உறவினரும் அண்டை வீட்டாரும் சோறு கொணர்வர். பெண்கள் வட்டமாக அமர்ந்து ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு ஒப்பாரி வைப்பர். தொலைவிலிருப்போர் பின்னர் வந்து கேதம் கேட்பர். பதினாறாம் நாள் கருமாதி. ஓராண்டு நிறைவில் திதி. ஒப்பாரியில் ஓர் அருமை உண்டு. பாடுபவள் இறந்தவரை மட்டும் பாடுவதில்லை. தன் தாயை, தன் அண்ணனை, தனக்கு இழைக்கப்பட்ட அநீதியை எல்லாம் அதே மெட்டில் சொல்லிவிடுவாள். மற்ற நாள்களில் அவள் வாய் திறந்து சொல்ல இயலாதவை அவை. படித்தவர்கள் இதனை நாகரிகம் அன்று என்று ஒதுக்கினர். நானும் இளமையில் அவ்வாறே ஒதுக்கியவன்தான்.

இனி பாஸ்டன் நகரத்திற்குச் செல்வோம்.

1942-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள் இரவு. அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் கோகநட் குரோவ் என்னும் கேளிக்கை விடுதியில் தீப்பற்றியது. 492 பேர் மாண்டனர். காயமுற்றோரும் மாண்டாரின் சுற்றத்தாரும் மருத்துவமனைகளில் குவிந்தனர். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் எரிக் லிண்டமன் என்ற மனநல மருத்துவர் இருந்தார், செருமனியிற் பிறந்தவர். தீப்புண்ணை ஆற்ற ஒரு புறம் மருத்துவர்கள் முயல, இவர் மற்றொன்றைக் கவனித்தார். உடற்புண் ஆறியவர்களுள்ளும் சிலர் எழுந்து நடமாடவில்லை. அவ்விபத்திலும் பிறவாறும் அன்புடையாரை இழந்த 101 பேரை ஆராய்ந்து 1944-இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். துயரத்திற்கென்று அடையாளங்கள் உண்டு, அவற்றை நோயைப் போலவே முறையாகக் கவனிக்கலாம் என்று மருத்துவ உலகிற்குத் தெளிவாகக் காட்டிய கட்டுரை அது. அதற்கு முன்னர் 1917-இல் பிராய்டு துயரத்திற்கும் மனச்சோர்வு நோய்க்கும் உள்ள வேறுபாட்டை எழுதியிருந்தார். ஆனால் அது தனி ஒருவரின் சிந்தனை. லிண்டமனுடையது படுக்கையருகே அமர்ந்து கேட்டெழுதியது.

அவர் கண்ட அடையாளங்கள் ஐந்து. தொண்டை அடைத்தல், பெருமூச்சு, உணவில் வெறுப்பு முதலிய உடல் துன்பங்கள். இறந்தவரின் உருவமே ஓயாது மனத்தில் நிற்றல். நான் இதைச் செய்திருந்தால் பிழைத்திருப்பாரே என்ற குற்றவுணர்வு. காரணமின்றி எல்லோரிடமும் எழும் சினம். அன்றாடச் செயல்கள் சிதறிப் போதல். முல்லைக் கொடியைக் கடிந்த கீரத்தனாரை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதைக் கேட்டவுடன் எனக்குக் கையறுநிலை என்ற சொல் நினைவிற்கு வந்தது. ஆயினும் எம் முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர் என்று மார்தட்டிக்கொள்ள நான் இதைச் சொல்லவில்லை. முன்னோர் பெயர் வைத்தனர். லிண்டமன் எண்ணிப் பார்த்து, ஒப்பிட்டு, மருத்துவம் தேடினார். இரண்டும் வெவ்வேறு வேலைகள்.

அறிவியலின் சிறப்பு, தன் கூற்றைத் தானே திருத்திக்கொள்வது. துயருற்றோர் அனைவரும் அழுதே தீரவேண்டும், அழாதவர் உள்ளத்தில் நோய் பதுங்கியிருக்கும் என்று ஒரு காலத்தில் எண்ணினர். பின்வந்த ஆய்வுகள் அதனை மறுத்தன. சிலர் மிக அழுவர், சிலர் அழாமலே தேறுவர், இரண்டும் இயல்பே. 1969-இல் கூப்ளர் ராஸ் அம்மையார் கூறிய ஐந்து படிகளைப் பலர் இன்றும் ஒப்பிப்பர். அவர் அவற்றை முதலிற் கண்டது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடத்தில். துயரம் அவ்வாறு படிப்படியாக ஏறி முடிந்துவிடுவதில்லை. வரும், போகும், தீபாவளியன்று மீண்டும் வரும். இறந்தவரை அடியோடு மறந்து விடுதலையடைதலே நலம் என்ற கருத்தும் 1996-இல் கிளாஸ் முதலானோர் வெளியிட்ட நூலுக்குப் பின் தளர்ந்தது. இறந்தவரோடு உறவு வேறு வடிவில் தொடர்வது இயல்பு என்று ஏற்கப்பட்டது. நடுகல்லுக்குப் படையலிட்டவர்கள் அதனைக் கேட்டால் வியப்படையமாட்டார்கள்.

துயரம் மூளையில் என்ன செய்கிறது? நெடுநாள் நீடிக்கும் மன அழுத்தத்தில் சிறுநீரகத்தின் மேலமைந்த சுரப்பி கார்ட்டிசால் என்னும் சுரப்பை மிகுதியாக வெளியிடுகின்றது. உறக்கம் கெடுகின்றது. உறக்கம் கெட்டால், பகலில் கற்றதை இரவில் மூளை நிலைப்படுத்தும் வேலையும் கெடுகின்றது. புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி அழுத்தத்தால் எளிதில் தாக்குறும். 2008-இல் மேரி பிரான்சிஸ் ஓ'கானர் முதலானோர், தாயையோ உடன்பிறந்தாளையோ இழந்த பெண்களுக்கு இறந்தவரின் படத்தைக் காட்டி மூளையின் செயலைப் படம் பிடித்தனர். துயரம் ஆறாது நீடித்தவர்களிடம், விரும்பியதை எதிர்பார்க்கும்போது செயற்படும் பகுதி விழித்தெழுந்தது. வருவார் என்று மூளை இன்னும் காத்திருக்கின்றது என்று நாம் அதனைப் பொருள் கொள்ளலாம். நெஞ்சுகூடத் தாக்கப்படும். பெருந்துயரால் இதயத்தின் கீழறை தற்காலிகமாக உப்பிப்போகும் நிலை ஒன்றை 1990-இல் சப்பானிய மருத்துவர்கள் விவரித்து, ஆக்டோபசு பிடிக்கும் பானையின் பெயரால் டகோட்சுபோ என்று அழைத்தனர். துயரத்திற்கு அங்கும் ஒரு பானை!

இவற்றையெல்லாம் நான் அறியாதிருந்த காலத்தில் ஒரு பிழை செய்தேன். அதனைச் சொல்லத்தான் வேண்டும்.

நான் தலைமையாசிரியராயிருந்த ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய் ஆலை விபத்தில் இறந்தாள். கருமாதி முடிந்து அவன் பள்ளிக்கு வந்தான். காலை வணக்கக் கூட்டத்தில் அவனை அருகழைத்து, "தம்பி, நீ ஆண்பிள்ளை, அழக்கூடாது, நன்றாகப் படிப்பதே உன் தாய்க்கு நீ செய்யும் கடன்" என்று எல்லோர் முன்னிலையிலும் கூறினேன். நல்ல சொல் சொன்னதாகவே எண்ணினேன். அவன் அழவில்லை; பேசவுமில்லை. அரையாண்டுத் தேர்வில் அவன் மதிப்பெண்கள் வீழ்ந்தன. முன்பு தங்குதடையின்றி ஒப்பித்த செய்யுள்களை நடுவில் மறந்து நின்றான். கவனமின்மை என்று முடிவு செய்து, இரண்டு முறை வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தேன்.

எங்கள் பள்ளித் தையல் ஆசிரியை ஒருவர், ஒரு நாள் நண்பகலில், வேம்படியில் தனியே அமர்ந்திருந்த அவனருகே போய் உட்கார்ந்தார். உன் அம்மா உனக்குச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன கொடுத்துவிடுவாள் என்று மட்டும் கேட்டார். அவன் ஒரு பாடவேளை முழுவதும் அழுதான். அவ்வம்மையார் பேசவில்லை, எழுந்தும் போகவில்லை. மணி அடித்தது, நான் தாழ்வாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் எனக்குக் குற்றம் சாற்றவில்லை. எனினும் அன்று மாலை வீட்டுக்கு நடந்து போனபோது புறநானூற்றை இத்தனை ஆண்டுகள் எதற்காகக் கற்பித்தேன் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

நம் நாட்டில் மனநலத்தின் வரலாறு பெரும்பாலும் மதில்களின் வரலாறாகவே இருந்தது. சென்னையில் 1794-இல் வேலன்டைன் கானலி என்ற மருத்துவர் நடத்திய விடுதியே தொடக்கம். 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் பெரிய காப்பகம் எழுந்தது. 1961 முதல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்ற மருத்துவர் சாரதா மேனன், வெளிநோயாளர் பிரிவையும் தொழிற்பயிற்சியையும் வளர்த்து மதிலின் வாயிலை அகலத் திறந்தார். ஆயினும் 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள், நம் அண்டை மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட இயலாது 28 பேர் மாண்டனர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகக் கொண்டு, தண்டியாது, காக்கவேண்டுமென்றும் அது விதித்தது. கோப்பெருஞ்சோழன் காலத்திலிருந்து நாம் நடந்து வந்த தொலைவை அந்த விதியில் அளக்கலாம்.

பெருந்தொகையானோர் ஒருங்கே இழப்புறும்போது செய்யவேண்டுவது என்ன என்பதை 2004-ஆம் ஆண்டு தமிழகத்திற்குக் கற்பித்தது. சூலை 16-இல் கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள். திசம்பர் 26-இல் ஆழிப்பேரலையால் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர். மருத்துவர் தொகையோ மிகக் குறைவு. ஆகவே பெங்களூர் தேசிய மனநல நிறுவனத்தார் ஊர்த் தொண்டர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சியளிக்கும் வழியைப் பின்பற்றினர். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், துயரம் தனி ஒருவரை மட்டுமன்றி ஊரையே, உறவுப் பின்னலையே பாதிக்கும் என்று எழுதினார். காணாமற் போனோரின் குடும்பங்களுக்கு உடலும் இல்லை, சடங்கும் இல்லை, ஆகவே முடிவும் இல்லை என்பதை அவ்வூர் மக்கள் நன்கறிவர்.

நம் பகுதியின் கணக்கு வேறு. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். 1940-க்குப் பின் பட்டாசு பெருகியது. மழை பொய்த்த சீமைக்கு அது சோறு போட்டது என்பதை மறுத்தல் நன்றி கொன்ற செயலாகும். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேரும், 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்தில் 20-க்கு மேற்பட்டோரும் இறந்தபோது நாடு முழுவதும் செய்தி பரவியது. அவற்றிற்கிடையே ஒருவர், இருவர், நால்வர் என்று இறந்தவை செய்தித்தாளின் உள்பக்கத்தோடு நின்றன. ஆழிப்பேரலைக்குத் தொண்டர்கள் வந்தனர். உள்பக்கச் சாவுகளின் வீடுகளுக்கு யார் செல்வது? விபத்துக்குக் காரணமான விதிமீறல்களைத் தடுப்பது முதற்கடமை. அதனைச் செய்யாது ஆறுதல் மட்டும் கூறுவது பாதி வேலை என்பதே என் துணிபு. ஆயினும் மற்றப் பாதியையும் எவரேனும் செய்யவேண்டுமே.

அவ்வீட்டுப் பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கிறான். என்ன பேசுவது என்று தெரியாமல் நீங்கள் விலகிப் போகிறீர்கள். பெரிதாக ஒன்றும் பேசவேண்டாம். நடந்ததைத் துருவிக் கேட்கவும் வேண்டாம். விபத்து நடந்தவுடனே விவரம் முழுவதையும் சொல்லச் செய்வது பயன் தராது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. 2011-இல் உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் அதனையே வலியுறுத்துகின்றது. உடனிருங்கள், உணவும் உறக்கமும் கிடைக்கின்றனவா என்று பாருங்கள், விடுபட்ட பாடத்தை எழுதிக் கொடுங்கள், இறந்தவரின் பேரை அவன் எடுத்தால் பேச்சை மாற்றாதீர்கள். மாலையில் விளையாட அழையுங்கள். அவன் சிரித்தால் அது தாய்க்குச் செய்யும் துரோகம் அன்று. அழுவதும், அழுகையை மறந்து வேலை பார்ப்பதும் மாறி மாறி நிகழ்வதே தேறும் வழி என்று 1999-இல் டச்சு நாட்டு ஆய்வாளர் இருவர் விளக்கினர்.

பல திங்கள் சென்ற பின்னும் ஒவ்வொரு நாளும் துயரம் சற்றும் குறையாது, உண்ணவும் உறங்கவும் படிக்கவும் இயலாது போனால் அது மருத்துவரைக் காணவேண்டிய நிலை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் 11-ஆம் நோய்ப் பட்டியல் அதற்கு ஆறு திங்களை எல்லையாக வைத்துள்ளது. அமெரிக்க மருத்துவர்கள் வளர்ந்தோர்க்கு ஓராண்டு என்பர். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் ஒருமுறை எழுந்தாலும் அத்தனை நாள் காத்திருக்கலாகாது; அன்றே பெரியவர் ஒருவரிடம் சொல்லவேண்டும். 2022-இல் அரசு தொடங்கிய டெலி மனாஸ் என்னும் தொலைபேசி உதவிக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

வேம்படியில் அழுத அம்மாணவன் பள்ளியை முடித்து மின்பணியாளனானான். தாயைப் பற்றி என்னிடம் அவன் பேசியதில்லை. நானும் கேட்கத் துணிந்ததில்லை. மேட்டுக்காட்டில் அகழாய்வு நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் பார்க்கச் சென்றேன். அவனும் தன் சிறு மகளை அழைத்துக்கொண்டு வந்திருந்தான். குழிகளை விடவும் பலகையில் பரப்பியிருந்த சுடுமண் சில்லுகளே அக்குழந்தைக்குப் பிடித்திருந்தன. இவை எதற்கு என்று அவள் தகப்பனிடம் கேட்டாள்.

"பாண்டி விளையாட. உங்க அப்பத்தா ஓட்டுச் சில்லு வச்சு ஆடுவா. எங்க தெருவுல அவளை ஜெயிக்க ஆளில்ல," என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "சார், நீங்க எங்க அம்மாவப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டான்.

ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன் என்றேன். அவனைப் பள்ளியிற் சேர்க்க வந்தபோது விரல்நுனிகளில் மருந்துக் கறையோடு அவள் கையொப்பமிட்டதைச் சொன்னேன். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, அவள் அன்று என்ன நிறத்துச் சேலை உடுத்தியிருந்தாள் என்று கேட்டான்.